முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த பிறகு: மாய வலி, கட்டு, செயற்கைக் கால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயாலோ விபத்தாலோ முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுக்கப்பட்டவர்களுக்கும், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தப் பக்கம். தொடையளவில் எடுத்தவர்களுக்கோ கை இழந்தவர்களுக்கோ மாறுபடும் விஷயங்களை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். மருத்துவமனையில் புழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் காலை ‘ஸ்டம்ப்’ என்று எழுதுகிறோம்.

காலே இல்லை, ஆனால் கட்டைவிரல் வலிக்கிறது. இது மனப்பிரமையா?

இல்லை. கால் போனதே தவிர, அந்தக் காலுக்கான நரம்புகள் ஸ்டம்ப்வரை அப்படியே இருக்கின்றன. முதுகுத்தண்டில் அவை வந்து சேரும் இடமும், மூளையில் அந்தக் காலுக்கென ஒதுங்கிய பகுதியும் அப்படியே இருக்கின்றன. அறுபட்ட நரம்பின் நுனி தூண்டுதல் எதுவும் இல்லாமலே துடிப்புகளை அனுப்புகிறது, முதுகுத்தண்டு அவற்றைப் பெருக்கிவிடுகிறது, மூளையோ அது கட்டைவிரலிலிருந்து வந்த சேதி என்றே எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1870களில் இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் வைத்தார்.

மூளையின் பங்கைப் பலருக்கும் புரியவைத்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்த சிலருடைய கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொட்டதாக அவர்கள் சொன்னார்கள். மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம் என்பதுதான் காரணம். பாதத்துக்குப் பக்கத்து வீடு பிறப்புறுப்பு. அதனால் சிறுநீர் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ இல்லாத பாதத்தில் கூச்சம், மின்னடித்த மாதிரி உணர்வு சிலருக்கு வரும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை என்பதால் நாங்களே சொல்லிவிடுகிறோம்: அது கோளாறு இல்லை.

எல்லா வலியும் மாய வலிதானா?

அப்படி நினைத்து மருந்து சாப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கால் இருக்கிற மாதிரி, விரல் மடங்கியிருக்கிற மாதிரி, அரிக்கிற மாதிரி தோன்றுவது மாய உணர்வு. அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். வலிக்காதவரை சிகிச்சை தேவையில்லை. இல்லாத பகுதியில் எரிச்சல், குத்தல், முறுக்கல், பாதத்தை இடுக்கியில் நசுக்குகிற மாதிரி வேதனை வந்தால் அது மாய வலி. மூன்றாவது ஸ்டம்பிலேயே வலிப்பது. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் பெரும்பாலும் உண்டு: சீழ், சாக்கெட் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கிண்ணம்) அழுத்துவது, எலும்பு முனை, நரம்பு நுனியில் உருண்டு வளர்ந்த முடிச்சு.

நரம்பு முடிச்சைக் கண்டுபிடிக்க, தழும்பையொட்டி ஆள்காட்டி விரல் நுனியால் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளித்தள்ளி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மற்ற இடங்களில் வெறும் தொடுதலாகத் தெரிவது, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் இல்லாத விரல்வரை ‘சுரீர்’ என்று பாய்ந்தால், அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் புள்ளி சாக்கெட்டில் உரசுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, மாத்திரை பிறகு.

பாதம் முட்டியிலேயே ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மாய உறுப்பு நாளாக நாளாக உள்வாங்கிச் சுருங்குவது வழக்கமானதுதான்.

எப்போது தொடங்கும்? எப்போது நிற்கும்?

பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். பலருக்கு மாதங்கள் போகப்போக வலி வரும் தடவையும் வந்தால் நீடிக்கும் நேரமும் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு வரும். அறுவைக்கு முன்பே அந்தக் காலில் நெடுநாள் கடும் வலி இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன்னும் பின்னும் வலியை நன்றாகக் கட்டுக்குள் வைக்கும்படி மயக்க மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இரவில் படுத்தால்தான் கொல்கிறது. உடனடியாக என்ன செய்யலாம்?

பகலில் நடை, பேச்சு, சாக்கெட்டின் அழுத்தம் என்று மூளைக்கு வேறு சேதிகள் போய்க்கொண்டிருக்கும். படுத்ததும் அவை நின்றுவிடுகின்றன. எனவே சேதியை நாமே கொடுக்க வேண்டும். எழுந்து உட்காருங்கள். கட்டு தளர்ந்திருந்தால் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுங்கள். இறுக்கமான ஸ்டம்ப் உறை இருந்தால் போடுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் ஸ்டம்பைப் பிடித்து, 10 எண்ணும்வரை அழுத்தி விடுங்கள், ஐந்தாறு முறை. பிறகு நல்ல பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, இல்லாத பாதமும் கூடவே அசைவதாக நினையுங்கள். முறுக்கிக்கொண்ட விரல்களை விரிக்கும் நினைப்பு பலருக்குப் பிடிப்பைத் தளர்த்தும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், ஏசி குளிர் நேராக அடித்தாலும் வலி கூடும், இரண்டையும் சரிசெய்யுங்கள்.

அரிப்புக்கு நல்ல காலின் அதே இடத்தைச் சொறிந்து பாருங்கள். விசித்திரமாகத்தான் இருக்கும், ஆனால் சிலருக்குக் கேட்கிறது.

கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது?

1990களில் ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை இது. நல்ல காலின் பிம்பத்தை இழந்த காலின் இடத்தில் பார்க்கும்போது, ‘அசை’ என்ற கட்டளைக்குப் பதில் கிடைத்ததாக மூளை ஏற்கிறது. 2007இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரிடம் தினமும் 15 நிமிடம், 4 வாரம் இதைச் சோதித்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுச் செய்தவர்கள் பெரும்பாலோருக்குக் குறையவில்லை. சிறிய ஆய்வுதான். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் செலவு ஒரு கண்ணாடி, பக்கவிளைவு அநேகமாக இல்லை. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் முயல வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து.

சுமார் 4 அடி நீளம், ஒன்றேகால் அடி உயரமுள்ள கண்ணாடி போதும். பிளைவுட்டில் ஒட்டி, ஓரங்களுக்கு டேப் போடுங்கள். சர்க்கரை நோயாளியின் பக்கத்தில் வெட்டுமுனை இருக்கக் கூடாது. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்துங்கள். முகம் பார்க்கும் பக்கம் நல்ல காலை நோக்கி இருக்கட்டும். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் முழுக்க மறைய வேண்டும்.

மெட்டி, கொலுசு, சாக்ஸ், கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எடுத்த காலில் இல்லாத எதுவும் பிம்பத்தில் தெரிந்தால் ‘இது என் கால் இல்லை’ என்று மூளை ஒதுக்கிவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அந்த விரலைத் துணியால் மூடிக்கொள்ளலாம்.

முதல் ஓரிரு நிமிடம் அசைக்காமல் பிம்பத்தை மட்டும் பாருங்கள். பிறகு பாதத்தை மேலே, கீழே, உள்ளே, வெளியே, வட்டமாக என்று மெதுவாக அசையுங்கள். விரல்களை மடக்கி விரியுங்கள். இல்லாத காலையும் அதே வேகத்தில் அசைக்க முயலுங்கள். மாயப் பாதம் கோணலாக மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தால், நல்ல பாதத்தையும் முதலில் அதே கோணத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரண்டையும் சேர்த்து நேராக்குங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் பலர் ‘பலனில்லை’ என்கிறார்கள். இன்னொரு காரணம் டிவி: பார்வை பிம்பத்தைவிட்டு விலகினால் அது வெறும் கணுக்கால் பயிற்சி.

தினமும் 15 நிமிடம், குறைந்தது 4 வாரம். தலைசுற்றல், குமட்டல், அழுகை வந்தாலோ வலி ஏறினாலோ நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இயன்முறை மருத்துவர் ஒரு படி பின்னால் போவார்: இடது, வலது பாதப் படங்களைக் காட்டி எது எந்தக் கால் என்று சொல்லவைப்பது, பிறகு அசைப்பதாகக் கற்பனை செய்யவைப்பது, அதன்பின் கண்ணாடி. இரண்டு காலும் இல்லாதவருக்குக் கண்ணாடி உதவாது. எதிரே இருப்பவர் தன் பாதத்தை அசைப்பதைப் பார்த்தபடி பயிற்சி செய்யலாம்.

என்ன மாத்திரை கொடுப்பார்கள்?

இது நரம்பு வலி என்பதால் காபாபென்டின், பிரீகாபலின், இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்றவற்றில் ஒன்றை எழுதுவார்கள். போட்ட அன்றே பலன் தெரியாது. அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, சில வாரங்கள் பார்க்க வேண்டும். முதல் வாரம் தூக்கமும் தள்ளாட்டமும் வரும். ஒற்றைக் காலில் நடமாடுபவருக்கு அதுவே விழக் காரணமாகும். சிறுநீரகம் பலவீனமானவருக்குக் காபாபென்டின், பிரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டும். புராஸ்டேட் தொந்தரவு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டிலின் எழுதும் முன் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். வலி போய்விட்டது என்று திடீரென நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாய வலிக்குப் பெரும்பாலும் பயன்படாது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை மட்டும் கெடுக்கும்.

டென்ஸ் கருவி (தோல்வழியாக மெல்லிய மின்சாரம் கொடுத்து வலியைத் தணிப்பது) வாங்கலாமா?

இயன்முறைப் பிரிவில் சில முறை வைத்துப் பார்த்து, பலன் தெரிந்தால் வாங்குங்கள். மின்பட்டையைப் புண்ணின் மேல் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கருவியே வேண்டாம்.

எடுத்த காலை முறையாகப் புதைக்காததால் வலிக்கிறது என்கிறார்களே?

இந்த நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. தோண்டியெடுத்து நேராக்கிப் புதைத்த கதைகளும் உண்டு. காலை எரித்தாலும் புதைத்தாலும் மாய வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வலி பிறப்பது மிச்சமிருக்கும் நரம்பில். காலை வீட்டுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்ய விரும்பினால் அறுவைக்கு முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் மருத்துவக் கழிவு விதிப்படி அது மஞ்சள் பைக்குப் போய்விடும்.

கிரேப் பேண்டேஜை எப்படிச் சுற்ற வேண்டும்?

கட்டுக்கு இரண்டு வேலை: வீக்கத்தை வற்றவைப்பது, ஸ்டம்பைச் சாக்கெட்டுக்கு ஏற்றபடி வடிவமாக்குவது. முழங்காலுக்குக் கீழே என்றால் 4 அங்குல அகலத்தில் இரண்டு. தொடையளவு என்றால் 6 அங்குலம். ரத்த ஓட்டம் மோசமாக இருந்து கால் எடுத்தவர்கள், எப்போது தொடங்கலாம், எவ்வளவு இறுக்கலாம் என்று அறுவை மருத்துவரைக் கேட்டபிறகே சுற்ற வேண்டும்.

முழங்காலை நீட்டி வையுங்கள். முட்டிக்குக் கீழே முன்பக்கத்தில் தொடங்கி, சாய்வாக நுனிக்கு இறக்கி, நுனியைச் சுற்றி, பின்பக்கமாகச் சாய்வாக மேலே ஏற்றி, முன்னால் குறுக்காக வெட்டுங்கள். எட்டு என்ற எண் வடிவம் வர வேண்டும். நுனியின் இரண்டு மூலைகளும் மூடியிருக்க வேண்டும். விட்டால் நாய்க்காது மாதிரி சதை துருத்தி, பின்னால் சாக்கெட்டில் மாட்டும். நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. கடைசிச் சுற்றை முட்டிக்கு மேலே கொண்டுபோய், முட்டிச்சில்லை மட்டும் திறந்து விட்டு, டேப்பால் ஒட்டுங்கள். பேண்டேஜோடு வரும் உலோகக் கொக்கி வேண்டாம், குத்தும்.

நேர்வட்டமாகச் சுற்றவே கூடாது. மேலே கயிறு கட்டிய மாதிரி ஆகி நுனி பல்பு போல வீங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்றுங்கள். குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் கட்டு இருக்கட்டும். விண்விண் என்று தெறித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

புண் ஆறியதும் ஸ்டம்பைத் தொடப் பழக்குங்கள்: முதலில் பஞ்சு, பிறகு வேட்டித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு. ஒவ்வொரு முறையும் 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. மாய வலிக்கும் இது நல்லது.

முட்டிக்கடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறதே?

சுகம்தான். சில வாரத்தில் முட்டி மடங்கியபடி இறுகிவிடும். மடங்கிய முட்டிக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. தலையணையை எடுத்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் உட்காரும்போது, ஸ்டம்பைத் தொங்கவிடாமல் இருக்கையிலிருந்து நீட்டும் ஒரு பலகையில் வையுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை, 20 நிமிடம் குப்புறப் படுங்கள். தொடையளவில் எடுத்தவர்களுக்கு இது இன்னும் கட்டாயம்.

செயற்கைக் கால் எப்போது, எங்கே?

புண் முழுதும் ஆறி, வீக்கம் வற்றிய பிறகுதான் அளவெடுப்பார்கள். சிக்கல் இல்லையென்றால் அறுவையிலிருந்து 6 முதல் 8 வாரம். சர்க்கரை நோயில் கூடுதலாகும். முதல் ஆண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் சாக்கெட் தற்காலிகமானதுதான். அதற்கே லட்சங்களைக் கொட்டாதீர்கள்.

சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு ஆகியவை பழக்கமான இடங்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. ஜெய்ப்பூர் கால் 1968இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது, வெறுங்காலோடு, ஈரத்தில், வயல்வரப்பில் நடக்கவும் குத்துக்காலிட்டு உட்காரவும் என்றே செய்தது. அதை இலவசமாகப் பொருத்தும் முகாம்கள் நடக்கின்றன. முகாமில் வாங்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சாக்கெட் தளர்ந்தால் யாரிடம் போவது? பதில் இல்லையென்றால் அந்தக் கால் பரணில்தான் கிடக்கும்.

தொடையளவில் எடுத்தவர்களுக்கு முட்டி மூட்டும் தேவை. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கடம்’ முட்டி, ஒரே அச்சில் அல்லாமல் பல அச்சுகளில் மடங்கும் வகை. நன்றாக மடங்கும் என்பதால் பேருந்து, ஆட்டோ இருக்கைகளில் இடிக்காமல் உட்கார முடியும்.

புதுக் கால் மாட்டியதும் எவ்வளவு நேரம் நடக்கலாம்?

முதல் நாள் 15 முதல் 30 நிமிடம், பிடியோடு. கழற்றித் தோலைப் பாருங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாரும் கெண்டைச் சதையும் எடை தாங்கும் இடங்கள். அங்கே சிவப்பது சரி, 10 முதல் 20 நிமிடத்தில் மறைய வேண்டும். முன்னெலும்பின் விளிம்பு, வெளிப்பக்கம் முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பு, நுனி ஆகிய இடங்கள் சிவந்தாலோ சிவப்பு மறையாவிட்டாலோ அன்றைக்கு நடை போதும். பொருத்தியவரிடம் போங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம்போல் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் முழு நாளுக்கு வரலாம். உணர்ச்சி மரத்த காலில் வலியை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எத்தனை சாக்ஸ் போடுவது?

ஸ்டம்ப் சாக்ஸ் 1, 3, 5 ப்ளை என்று தடிமன் வாரியாக வரும். ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் ரொம்ப இறங்கி நுனி இடித்தால், அல்லது முட்டிச்சில்லின் கீழ்முனை சிவந்தால், ஒரு சாக்ஸ் கூட்டுங்கள். உள்ளே முழுசாக இறங்காமல், செயற்கைக் கால் நீளமாகத் தெரிந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். காலையில் சரியாக இருந்தது மாலையில் தளர்வது சகஜம். பையில் எப்போதும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதே நாளுக்குள் அளவு மாறும். மொத்தம் 10 ப்ளையைத் தாண்டிவிட்டால் சாக்ஸ் தீர்வல்ல, புது சாக்கெட் வேண்டும்.

நுனி மட்டும் கருஞ்சிவப்பாகி, நீர் கோத்து, நாள்பட மருப்போல் தடித்தால், நுனி சாக்கெட்டின் அடியைத் தொடவில்லை என்று அர்த்தம். தோல் களிம்பால் அது போகாது.

வியர்வை, நாற்றம், கொப்புளம்?

ஸ்டம்பை இரவில் கழுவுங்கள், காலையில் வேண்டாம். ஈரத்தில் ஊறிய தோல் சாக்கெட்டில் உரிந்துவிடும். மென்மையான சோப்பு, துடைத்து உலர்த்தல், அவ்வளவுதான். மாட்டும் முன் எண்ணெய், ஸ்பிரிட், பவுடர் எதுவும் வேண்டாம். முடியைச் சவரம் செய்தால் வேர்க்கொப்புளம் வரும். சாக்ஸ், லைனர் (ஸ்டம்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறை) தினமும் துவைக்க வேண்டும். சாக்கெட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் நண்பகலில் ஒருமுறை கழற்றித் துடைத்து சாக்ஸ் மாற்றினால் பாதிக் கொப்புளம் வராது.

வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கிறது?

உங்கள் செயற்கைக் கால் குதிகால் உயரமுள்ள ஷூவுக்கு அளவு வைக்கப்பட்டிருக்கிறது. குதிகால் தாழ்ந்தால் முட்டி பின்னுக்குத் தள்ளப்படும். வீட்டிலும் கோயிலிலும் வெறுங்கால்தான் என்றால் அளவு வைக்கும்போதே சொல்லி, வெளியே தட்டைச் செருப்பே போடுங்கள்.

விழாமல் இருக்க?

தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறது என்று நினைத்து எழுந்து விழுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. மாயக் கால் அவ்வளவு உண்மையாகத் தெரியும். வாக்கரை, இறங்கும் பக்கத்தில், கை தட்டுப்படும்படி கட்டிலை ஒட்டி வையுங்கள். இரவு விளக்கு எரியட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். ஊன்றுகோலுக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடை கையில்தான். அடி ரப்பர் தேய்ந்தால் அன்றே மாற்றுங்கள்.

அடையாள அட்டை, வண்டி?

40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனச் சான்று இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுத்தவர் அந்த அளவைத் தாண்டிவிடுவார். யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கும் விண்ணப்பிக்கலாம்.

இருக்கிற காலை எப்படிக் காப்பாற்றுவது?

சர்க்கரையால் ஒரு கால் போனவருக்கு அடுத்த காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. இப்போது அது இரண்டு காலின் எடையையும் சுமக்கிறது. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். பயிற்சிக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்தால் உள்ளங்கால் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் அந்தக் காலில் மென்மையான செருப்பு போட வேண்டும், வெறுங்கால் கூடாது. அப்போது செயற்கைக் காலுக்கும் அதே உயரச் செருப்பு வேண்டும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். புகையிலையை நிறுத்துங்கள்.

வருடக்கணக்கில் இல்லாத மாய வலி திடீரென்று திரும்பி வந்தால்?

காரணம் தேட வேண்டும். சாக்கெட் தளர்வு, நரம்பு முடிச்சு, ஸ்டம்பில் சீழ், முதுகுத் தண்டுவட்டு நரம்பை அழுத்துவது, அக்கி, ஏறிய சர்க்கரை என்று இந்த வரிசையில் பாருங்கள். சாக்கெட்டையும் தோலையும் வீட்டிலேயே பார்க்கலாம். முடிச்சுதான் என்று உறுதியானால் ஊசி மருந்து உண்டு. கேட்காவிட்டால், அறுபட்ட நரம்பு நுனியைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைக்கும் அறுவையைச் சில பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். காய்ச்சல், ஸ்டம்பில் சூடு, துர்நாற்றமுள்ள நீர், தோல் கறுப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் செயற்கைக் காலை மாட்டாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.